பதினேழாம் கலம், கடைசிப் பாகம்

டேப்புக்குப் பன்னிரண்டு வெள்ளி என்றார்
பிராஸ் பாசா கடைக்காரர்.
பூஞ்சை பிடித்திருந்தால் மூன்று வெள்ளி கூட.
பிடித்திருந்தது. கொடுத்தேன்.
ஈரச்சந்தையில் வெண்டைக்காய்க்குக்கூடப்
பேரம் பேசுகிறவள் நான்.
அன்றைக்கு வாய் வரவில்லை.

யாருக்காவது நினைவிருக்கிறதா,
வியாழக்கிழமை இரவு எட்டரை,
பதின்மூன்றே வாரம் வந்துபோன 'பதினேழாம் கலம்'?
மற்ற பதினாறு கலங்களும் என்னவாயின என்று
யாரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.
அட்டையில் செய்த விண்கலம்.
மீ வடிகட்டியைக் கவிழ்த்தால் தலைக்கவசம்.
தளபதி ஆதிரையன் கோபப்பட்டால்
பின்னால் சுவர் கொஞ்சம் ஆடும்.
மாலுமி நறுமுகை ஆடமாட்டாள்.
"திசை தெரியவில்லை தளபதி,
ஆனாலும் போகலாம்" என்பாள்.
தொலைபேசியைக் காதில் வைத்தபடியே
தோ பாயோவின் இரண்டு புளோக்குகளிலிருந்து
நானும் ஷரிஃபா பானுவும்
அவளோடு சேர்ந்து கத்துவோம்.
கணக்குப் பரீட்சைக்கு நுழையும்போதும் அதையே சொன்னோம்.
ஷரிஃபா தேறினாள்.

கடைசிப் பாகத்தன்று
ஜொகூரில் சித்தப்பா கல்யாணம்.
பதிவு செய்யச் சொல்லி
அண்ணன் கதிரேசனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன்.
செய்தான்.
சனிக்கிழமை அதே டேப்பில்
மலேசியக் கிண்ண ஆட்டத்தையும் செய்தான்.
சிவப்புக் கோளில் கலம் இறங்குகிறது,
புகை,
கதவு மெல்லத் திறக்கிறது,
வெளியே வருகிறது ஒரு கார்னர் கிக்.

அவனோடு நான் பேசாதிருந்தது நாற்பது நாள்.

ஷரிஃபா வீட்டு வீடியோ பழுது என்றாள்.
நேரில் பார்த்ததைச் சொல்கிறேன் என்று
பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில்
மீ சியாம் ஆறிப்போக முழுக்கச் சொன்னாள்.
கலம் திரும்பிவிட்டதாம்.
நறுமுகை மட்டும் இறங்கிக்கொண்டாளாம்,
"எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது" என்று.
தனக்கொரு வீடு கட்டிக்கொண்டாளாம்,
தண்ணீர் பக்கத்தில்.

முப்பத்தாறு வருடம்
அந்த வீட்டை எனக்குத் தெரியும்.
வேலை போன அன்று அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.
விவாகரத்துக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகும்.

போன மாதம் ஷரிஃபாவின் தம்பி வீடு மாறினான்.
"இது உங்களோடதா பாருங்கக்கா" என்று
ஒரு பிஸ்கட் பெட்டி.
உள்ளே மூன்று டேப்புகள், எல்லாவற்றிலும்
'மாமா கல்யாணம்' என்று எழுதியிருந்தது,
அவள் கையெழுத்து.

கதவு திறக்கிறது.
இந்த முறை ஆட்கள் இறங்குகிறார்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
சிவப்புக் கோள், நம் தெம்பனீஸ் மணல்குழி!
ஓரத்தில் லாரிச் சக்கரத் தடம் அப்படியே தெரிகிறது.
அந்தச் சிரிப்பு அடங்குமுன்
நறுமுகை செத்துப்போனாள்.
மூன்று நிமிடம்கூட இல்லை.
ஏதோ கதிர், ஒரு அலறல்,
மணலில் கவிழ்ந்து கிடக்கிறது வடிகட்டி.
ஆதிரையன் இரண்டு வரி பேசுகிறார்.
அப்புறம் சலவைத்தூள் விளம்பரம்.

இரவு பதினொன்றுக்கு பெர்த்துக்குப் போன் போட்டேன்.
"பாத்துட்டியா" என்றாள் எடுத்ததும்.
தம்பி சொல்லியிருப்பான்.
"ஏண்டி?"
பதிலில்லை. பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.
"நீ ஜொகூர்லேந்து மருதாணிக் கையோட
ஓடி வந்தே.
வாய் வரைக்கும் வந்துச்சு.
மீ சியாமைப் பாத்துக்கிட்டே மாத்திட்டேன்."

பதினோராம் மாடி சன்னலைத் திறந்தேன்.
கீழே மணல்குழி இருந்த இடத்தில் குளம்,
நிறையத் தண்ணீர்,
யாரோ நாயோடு நடக்கிறார்கள்.
இந்த வீட்டுக்கு விண்ணப்பித்தபோது
ஏன் இந்த வட்டாரம் என்று கேட்டார்கள்.
பிடித்திருக்கிறது என்றேன்.
அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

"அந்தக் கடைசியை அழிச்சிடவா?" என்றேன்.
"வேணாம். அதுவும் இருக்கட்டும்.
முதல் பாகத்திலேந்து பாக்கலாம்,
வியாழக்கிழமை எட்டரை."
பெர்த்துக்கும் நமக்கும் கடிகாரம் ஒன்றுதானாம்,
எனக்குத் தெரியாது.
"போனை மட்டும் வச்சிடாதே" என்றாள்.