முள் அறியாத லீற்றர்கள்

மீன்பெட்டி மூன்றை அடுக்கி
வாலைத் தூக்கி அதன்மேல் வைத்தோம்.
பறக்கையில் எப்படி நிற்குமோ
அளக்கையிலும் அப்படி நிற்கவேண்டும்.
கதவு விளிம்பில் மேசன்மாரின் மட்டம்.
குமிழி நடுவுக்கு வரவில்லை.
கிழிந்த வலைத்துண்டொன்றை நாலாய் மடித்துச் செருகினான்
மரியசீலன்.

உப்புவெளியில் படகு வார்க்கும் கொட்டில் இது.
நாலரை வருடமாய்
படகுகளுக்கு நடுவே வளர்ந்தது இந்த விமானம்.
இறக்கை பூட்டிய பிறகுதான்
எத்தனை பேர் ஏறும் தோணி என்று
அயலவர் கேட்பதை விட்டார்கள்.

நான் அளவை நிறுவைக்காரன்.
பெற்றோல் நிலையங்களில்
ஐந்து லீற்றருக்கு எத்தனை மில்லி களவு என்று
பித்தளைக் குவளையின் கழுத்துக்குக் குனிபவன்.
முத்திரை குத்திய குவளையை
ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுப்பது பிழை.
துவாயில் சுற்றி
முருங்கைக்காய்ப் பையில் கொண்டுவந்தேன்.

பூமிக் கம்பி கொளுவியாயிற்று.
பீடியோடு நின்ற இருவரை
அடுத்த காணிக்கு அனுப்பியாயிற்று.
வெறுந்தொட்டி.
சப்றாஸ் மீற்றரைப் பிடித்தபடி
"இருநூற்றி நாப்பது ஓம்" என்றான்.
"ஓமா?"
"ஓம்."
"எத்தினை ஓம்?"
அதிலேயே ஐந்து நிமிடம் போனது.

ஐந்து ஊற்றினோம். இருநூற்றி நாற்பது.
பத்து. அப்போதுதான் முள்ளுக்கு விழிப்பு வந்தது.
பதினைந்து, இருபது, இருபத்தைந்து
ஒழுங்காய் ஏறியது, நல்ல பிள்ளை மாதிரி.
முப்பதில் எழுபத்தொன்று.
முப்பத்தைந்திலும் எழுபத்தொன்று.
நாற்பதில் தொட்டியின் வாய் பளபளக்க
அதே எழுபத்தொன்று.

மிதவை கூரையில் முட்டி நின்றது.
கீழேயோ தரையைத் தொடவே இல்லை.
இறக்கை சற்று மேல்நோக்கிச் சாய்ந்ததை
தொட்டி வார்த்த அன்று யாரும் நினைக்கவில்லை.

அப்போது சீனக்குடாப் பக்கமிருந்து
ஒரு பயிற்சி விமானம் தலைக்குமேல் போனது.
நானும் சப்றாஸும் அண்ணாந்தோம்.
மரியசீலன் தாளிலிருந்து கண் எடுக்கவில்லை.

"மேல தெரியாட்டிப் பரவாயில்லை," என்றான்,
"நிரம்பியிருந்தா நிரம்பியிருக்கட்டும்.
முடியிற நேரத்தில மட்டும்
இது எனக்குப் பொய் சொல்லக்கூடாது."

நாற்பதையும் திரும்ப இறக்கினோம்.
மூன்று மோட்டார் சைக்கிள்களின் பங்கில்
வாரம் வாரமாய்ச் சேர்த்த பெற்றோல்.
எரியாமலே தொட்டிக்குள் போய்ப் போய் வந்தது,
எங்கள் கைத்தோலை வெளுப்பித்து.

மிதவையின் தண்டைக் குறட்டால் வளைத்தான்.
கொஞ்சம். பார்த்தான். இன்னும் கொஞ்சம்.
மறுபடி பூச்சியத்திலிருந்து.
இம்முறை முதல் லீற்றரிலேயே
முள் ஒரு மயிரிழை துடித்தது.
மேலே இன்னும் இரண்டு லீற்றர் கைவிட்டுப் போனது.
அதற்காக யாரும் கவலைப்படவில்லை.

கொப்பித்தாளில் புதிய முகம் வரைந்தோம்.
அடியில் 'காலி' என்று நான் எழுத
"அது தெற்கில எல்லோ இருக்கு" என்றான் சப்றாஸ்.
வெட்டிவிட்டு 'முடிஞ்சுது' என்று எழுதினேன்.

அந்தக் கோட்டை
இரண்டு லீற்றர் மிஞ்சும் இடத்தில் போடச் சொன்னான்.
குழாய்வாய்க்குக் கீழே தங்கும் இரண்டு.
இருக்கும், ஆனால் என்ஜினுக்கு வராது.
இருப்பதை இல்லையென்று காட்டும் கருவி.
இதற்கு என் வேலையில் ஒரு பிரிவு இருக்கிறது,
தண்டமும் இருக்கிறது.
பேனையை வைத்துக்கொண்டு
கொஞ்சநேரம் யோசித்தேன்.
பிறகு கோட்டைப் போட்டேன், தடிப்பாக.

"உங்கட முத்திரை ஒண்டு?" என்று சிரித்தான்.
ஆகாயத்துக்கு என்னிடம் முத்திரை இல்லை.
கொழும்பிலிருந்து வரவேண்டிய கடிதம்
எப்படியும் இன்னும் வரவில்லை.

குவளையைத் துடைத்துத் துவாயில் சுற்றினேன்.
நிலாவெளி வீதி ஓரத்தில் என் ஸ்கூட்டர்.
அதன் முள் செத்து ஏழு வருடம்.
வழக்கம்போல் இருக்கையைப் பிடித்து
இடம் வலமாய் ஆட்டி
காதைக் கொடுத்தேன்.

களுக் என்றது.
வீடுவரை போதும்.