நான்கு, மெதுவாக

கிரிம்ஸ்பி. எழுபத்திரண்டு, பிப்ரவரி.
மீன்வலை உலர்த்திய மாடி அது.
சுவரெல்லாம் முட்டைத் தட்டுகளை ஒட்டி
ஒலிப்பதிவுக்கூடம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.
பெயர் வைத்தால் போதுமா,
கித்தார் உறைக்குள்ளும் காட் மீன் வாடை.

லொரெய்ன் ஸ்டப்ஸுக்குப் பத்தொன்பது வயது.
நாடா ஓட்டுவது, தேநீர் போடுவது,
பிளேடால் நாடாவைச் சாய்வாக வெட்டி ஒட்டுவது.
வேலை மூன்று, சம்பளம் ஒன்று.

ஒரு மணி நேர வாடகைதான் மிச்சம்.
முதல் மூன்று பாட்டும் தேறவில்லை.
நான்காவதற்குப் பெயரே இல்லை,
பல்லவியில் பாதி வெறும் முனகல்.
டிரம்ஸ்காரன் காட்டரெல்
குளிருக்குப் பயந்து கையுறையைக் கழற்றவில்லை.
அதனால்தான் அந்த அடி
பஞ்சுமூட்டை படியில் உருள்கிற மாதிரி.
அந்த ஓசையைப் பிடிக்க
பின்னால் எத்தனை பேர் எத்தனை தோலை மாற்றினார்கள்!

மண்ணெண்ணெய் ஹீட்டர் அணைந்துபோயிருந்தது.
சரிபார்க்க வந்தவர் வில்ஃப் ஹார்கின்,
இழுவைப்படகு இயந்திர அறையில்
இருபது வருடத்தை மூச்சாக இழுத்தவர்.
மூலையில் மண்டியிட்டுத் திரியை நறுக்கிக்கொண்டிருந்தார்.
சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன என்று
அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் நிமிடத்தில் எல்லாம் நின்றுவிடும்.
நான்கு அடி மௌனம்.
அதற்குள்
உரக்க ஒன்று, தணிந்து இரண்டு,
இருமினார் வில்ஃப்.

‘அதை வெட்டி எறி’ என்றான் பாடகன்.
பிளேடை எடுத்தாள்.
இருமலை நீக்கிப் பார்த்தாள், மௌனம் நொண்டியது.
வேறிடத்து மௌனத்தைக் கொண்டுவந்து ஒட்டினாள்,
அது செத்த மௌனம்.
இதிலோ ஓர் அறை இருந்தது,
அறைக்குள் ஓர் ஆள் இருந்தார்.
எடுத்ததைத் திரும்ப ஒட்டிவிட்டு
‘வெட்டிவிட்டேன்’ என்றாள்.
பெட்டியின் மேல் பென்சிலால் எழுதினாள்:
நான்கு, மெதுவாக.
வேகமாக வாசித்தது நன்றாக இல்லை,
விஷயம் அவ்வளவுதான்.

லண்டனில் அட்டை அச்சிட்டவன்
அதையே தலைப்பு என்று நினைத்தான்.
நான்கு பருவம் என்றது ஓர் ஆய்வேடு.
நான்கு திசை என்றது அதை மறுத்த ஆய்வேடு.
யாரும் லொரெய்னைக் கேட்கவில்லை,
அவள் அப்போது துறைமுகச் சுங்கத்தில்
தட்டச்சுக்குப் போய்விட்டிருந்தாள்.

எழுபத்து நான்கில் வில்ஃப் இறந்தார்.
அடக்கத்துக்கு வந்தது ஒன்பது பேர்.
ஹீட்டர் பார்த்த கூலி
இரண்டு பவுண்டு நாற்பது
இன்றுவரை பாக்கி.

என் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
உயிரில் சேராது, மெய்யிலும் சேராது.
மேலே ஒன்று கீழே இரண்டாகப் புள்ளிகள்.
முன்னே ஒரு குறில் வேண்டும்,
பின்னே ஒரு வல்லினம் வேண்டும்,
நடுவில்தான் அதற்கு மூச்சு.
கித்தாரின் கடைசிச் சொட்டு,
ஃ,
டிரம்மின் முதல் அறை.
வேறெப்படி எழுதுவேன் அந்த மனிதரை.

தொண்ணூறுகளில் நாடாவைத் துலக்கியவர்கள்
இருமலையும் துடைத்தார்கள்.
கடிதம் வந்து குவிந்தது மூட்டை மூட்டையாக.
அடுத்த பதிப்பில் திருப்பி வைத்தார்கள்,
அட்டையில் ‘முழுமையானது’ என்று போட்டு.
பெர்கனில் ஒரு கல்யாணத்தில்
மணப்பெண் மைக்கில் இருமியதை நானே பார்த்தேன்.
சனிக்கிழமை, சொந்த அணி தோற்கும்போது,
எட்டாயிரம் பேர் பாடி, சட்டென்று அடங்கி,
ஒரே நெஞ்சாக
மூன்று முறை.
எதிரணிக் காவலன் திரும்பிப் பார்க்கிறான்.

இன்று கிளீதோர்ப்ஸ் பல்பொருள் அங்காடி.
கூரையிலிருந்து சன்னமாக ஒழுகுகிறது அந்தப் பாட்டு.
லொரெய்ன் தள்ளுவண்டியை நிறுத்துகிறாள்,
சுட்டுவிரலும் கட்டைவிரலும்
இல்லாத பிளேடைப் பிடிக்கின்றன.
மௌனம் வருகிறது.
பட்டாணி டப்பா அடுக்கும் பையன்
தலை நிமிராமல் இருமுகிறான்,
உரக்க ஒன்று, தணிந்து இரண்டு.
‘சளியா?’ என்கிறாள்.
‘இல்லையே’ என்கிறான்.

மீன் விலை ஏறியிருக்கிறது.
சின்னத் துண்டாக எடுத்துக்கொள்கிறாள்.