பூட்டியது கை

பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது
கேள்வி வந்தது:
கதவைப் பூட்டினேனா?

இறங்கி, ஆட்டோ பிடித்து,
எண்பது ரூபாய் கொடுத்துத் திரும்பினால்
காந்தி நகர் வீட்டில்
பூட்டு பாட்டுக்குத் தொங்குகிறது.
இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.
பூட்டியது என் கை.
நான் அங்கே இல்லை.

எங்கே போயிருந்தேன் என்று
அன்றைக்கு முழுக்கத் தேடினேன்.
பத்தொன்பது வருஷமாக
ஆற்காடு ரோட்டில்
ரத்தப் பரிசோதனைக்கு ரசீது போடுகிறவள்.
பேரு, வயசு, வெறும் வயித்துல வந்தீங்களா?
பேரு, வயசு, வெறும் வயித்துல வந்தீங்களா?
ஒரு ராத்திரி தட்டை வைத்துவிட்டு
எத்திராஜையும் கேட்டிருக்கிறேன்.
"பின்ன இன்னா? நீ இன்னும் சோறே போடலியே"
என்றார்.
சிரித்தோம்.
விளக்கை அணைத்த பிறகு
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் இடது கையில் பிரஷ்.
வாய் இருக்கும் இடம் தெரியாமல்
மூக்கில் முட்டியது பேஸ்ட்.
கண்ணாடிக்குள் ஒருத்தி
நாக்கைத் துருத்திக்கொண்டு
ஏதோ பரீட்சை எழுதுகிறவள் போல
முனைந்திருந்தாள்.

முள்ளுக் கத்திரிக்காயை
முள் குத்தாமல் பொறுக்க
வலது கைக்குத் தெரியும்.
இடதுக்கு ஒவ்வொரு காயும் புதுசு.
மூன்றாவது காயில் ரத்தம்.
"இன்னாக்கா, காயப் பாக்காம எங்க பாக்கற?"
கடைக்காரிக்கு எப்படிச் சொல்ல,
இன்றைக்குத்தான் காயைப் பார்க்கிறேன் என்று.

பிறகு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி
லாட்ஜ் சந்து வழியாக நடந்தேன்.
இத்தனை வருஷம்
ஐம்பதடி தள்ளி இருந்திருக்கிறது:
மாடிக்கு மாடி மண்ணெண்ணெய் ஸ்டவ்,
கடுகெண்ணெயில் மீன்,
கைப்பிடிச் சுவரில் ஈரத் துண்டு,
துண்டுக்குப் பக்கத்தில்
கிளிப் போட்டு மாட்டிய எக்ஸ்ரே உறை.
பலகையெல்லாம் வங்காளம்.
ஒரே கம்பியைப் பிடித்துத் தொங்குகிற
நின்ற பயணிகள் மாதிரி எழுத்துகள்,
நெரிசல் நேரத்து எழுத்துகள்.

நாலு மருந்துக் கடையிலும்
ஒரே சொல் ஏறி நின்றது.
அப்படியானால் அது மருந்துதான் என்று
நானாகப் பிடித்தபோது
நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.
பின்னால் வந்த வண்டிக்காரர்
என் குடும்பத்தையே விசாரித்தார்.

ஒட்டிய கன்னமும் கனத்த ஃபைலுமாய்
மால்டாவிலிருந்து ஒருவர்
கவுண்டருக்கு வந்தார்.
பேரு, வயசு வரை வாய் தானாகவே போயிற்று.
அப்புறம் சட்டென்று நின்றது.
லாட்ஜ் துப்புரவுக்காரி தேசம்மாளிடம்
கேட்டு வைத்திருந்த இரண்டு சொல்.
"காலி பேட்டே?" என்றேன்.
என் காதுக்கே அது
ஆள் குடியில்லாத ஒரு பேட்டையாக விழுந்தது.
மனுஷர் நிமிர்ந்தார்.
முகத்தில் ஒரு வாரத்துத் தூக்கம் கலைந்தது.
பதிலுக்கு ஒரு பாரா பேசினார்.
ஒரு எழுத்தும் புரியவில்லை.
எல்லாவற்றையும் கேட்டேன்.
பின்னால் நின்ற வரிசை
உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாத்துக்கு இதெல்லாம்" என்கிறார் எத்திராஜ்.
மேசையில் அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தால்
சாம்பார் கரண்டி தேடுகிறார்.
தேடட்டும்.

நேற்றும் பாலத்தில் கேட்டது:
கதவைப் பூட்டினேனா?
சாவி முதலில் தலைகீழாய்ப் போனது.
திருப்பிச் செருகினேன்.
எதிர்வீட்டுக் குக்கர் மூன்றாவது விசில்.
பெருவிரலில் துரு.
பூட்டினேன்.

எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரம்.
கீழே ஆறெல்லாம் மணல்.
ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர்,
அதில் பந்து விழுந்துவிட்டதென்று
மூன்று பையன்கள் சண்டை.

பாலம் முடிகிற இடத்தில்
அடுப்பை அணைத்தேனா
என்று வந்தது.