ஆறரைக் கிலோ

மலேக் துறைமுகத்தில்
மீன் நிறுக்கும் தராசில்தான்
முதல் ஆறு வாரமும் கிடந்து நெளிந்தது
டல்ஸ்.

பிறந்தபோது நூற்றுப் பத்து கிராம்.
ஒற்றைக் கானாங்கெளுத்தி அதைவிடக் கனம்.
விலைச்சீட்டின் முதுகில் ஈஷ்பல் எழுதினாள்:
செவ்வாய், நாலு கிராம் கூடுதல்.
புதன், ஒன்றுமில்லை.
அந்தப் புதன் இரவு
வீட்டில் யாரும் தூங்கவில்லை.

பத்தாம் மாதம் முள் நின்றுவிட்டது.
ஆறரைக் கிலோ.
கெய்ர்ன் டெரியருக்கு அது போதும்தான்;
புதன்கிழமையை மறக்காத கைக்கு
எது போதும்?
அவள் ஒரு பிடி கூட வைத்தாள்.
அவளுக்குத் தெரியாமல் டூகல்ட் ஒரு பிடி.
இருவருக்கும் தெரியாமல்
பொரித்த மீன் கடையில் வால் துண்டுகள்.

எட்டேகால்.
மருத்துவர் எண்ணைப் பார்க்கவேயில்லை.
ஈஷ்பலின் விரல்களைப் பிடித்து
ரோமத்துக்குள் வைத்தார்.
"விலா எங்கே, சொல்லுங்கள்."
தேடினாள்,
தடித்த கோட்டுப் பைக்குள்
சாவி தேடுவதுபோல.
டூகல்ட் சன்னலுக்கு வெளியே
எதையோ மும்முரமாகப் பார்த்தான்.

இப்போது பிடிகளுக்குக் கணக்கு உண்டு.
படகுகள் திரும்பும் நேரம்
டல்ஸ் தானாகவே தராசில் ஏறி உட்கார்கிறது,
எடை பார்த்தால்
ஏதாவது கிடைக்கும் என்ற
பழைய நம்பிக்கையில்.

ஏழு. ஆறே முக்கால்.
ஈஷ்பல் சீட்டில் எழுதுகிறாள்.
இன்னொரு கை
பைக்குள்ளேயே இருக்கிறது,
மூடியபடி.