எதிர்பார்க்கும் விளைவு

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல்மாடி.
மே மாதம். ஏசி சத்தம் மட்டும் போடுகிறது.
என் வேலை உடைப்பது.
உடைப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்பதை
வீட்டுக்காரர் இன்னும் முழுசாக நம்பவில்லை.

பெயர் கேட்கும் கட்டத்தில் இருநூறு எழுத்து அடிப்பேன்.
ஒன்றுமே அடிக்காமல் அமுக்குவேன்.
வயது மைனஸ் மூன்று.
பிப்ரவரி முப்பது.
பணம் கட்டும் பொத்தானை
பஸ் கிளம்பிவிட்டதுபோல் இரண்டு தரம்.
பாதியில் பின்னால் போவேன்,
நெட்டைப் பிடுங்குவேன்,
செருகுவேன், வேடிக்கை பார்ப்பேன்.

குடும்பப்பெயர் கட்டாயம் என்று
அடம்பிடித்த படிவத்தோடு ஒரு வாரம் சண்டை.
எங்க பக்கம் ஒரே எழுத்துதான் சார்,
அதுவும் அப்பாவோடது.

எழுதியவன் தஸ்தகீர்.
மேல்விஷாரத்திலிருந்து பைக்கில் வருவான்.
பிழை என்றால் திரும்பாமலே சொல்வான்:
"என்கிட்ட வேலை செய்யுதே."
அப்போ உன் கம்ப்யூட்டரையே தூக்கிட்டுப் போய்
கவுண்டரில் வெச்சிடலாமா?
டீ வரும். ஏலக்காய் அதிகம்.
யார் ஜெயித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ராத்திரி பதினொன்றுக்குத்
தாமாக ஓடும் சோதனைகள் எழுநூற்றுப் பதினாறு.
காலையில் வந்து பார்த்தால் வரிசையாகப் பச்சை.
ஒன்றே ஒன்று
நாற்பது நாளைக்கு ஒருமுறை சிவக்கும்.
திரும்ப ஓட்டினால் பச்சை.
விட்டுவிடு என்பார்கள்.
எனக்குப் பாலாற்றுப் பாலம் நினைவுக்கு வரும்.
வருஷக்கணக்காக அடியில் மணல், மேலே லாரி;
பாலம் நல்ல பாலம்தான்.
ஏதோ ஒரு கார்த்திகையில்
தண்ணீர் வந்து கேட்கிற கேள்வியை
எந்த லாரியும் கேட்டதில்லை.

ஆற்காடு சாலையில் அந்த ரத்தப் பரிசோதனைக் கூடம்.
திறந்துவிட்ட இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை,
ஓரமாக நின்று பார்க்கப் போனேன்.
பிளாஸ்டிக் உறையில் ஃபைல்கள்,
வங்காளத்தில் முனகும் ஒரு குழந்தை,
சுவரில் எங்கள் திரை, பெரிய எண்கள்.
நாற்பத்தேழு என்றது.
இரண்டு பேர் எழுந்தார்கள்.

ஒருத்தி அணைக்கட்டு. ஒருத்தி ஒடுகத்தூர்.
இரண்டு பேரும் பூங்காவனம்.
இரண்டு பேரும் பிறந்தது
அறுபத்து நாலு, ஆறாம் மாதம், ஒன்றாம் தேதி,
அதாவது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று
வாத்தியார் மனசில் பிறந்த தேதி.
போன் இல்லை என்றதால்
கவுண்டரில் இருந்த பெண்
இரண்டு பேருக்கும் தன் நம்பரையே போட்டிருந்தாள்.

பெயர் ஒன்று, தேதி ஒன்று, எண் ஒன்று:
ஆள் ஒன்று என்று மென்பொருள் முடிவு கட்டிவிட்டது.
கோளாறு இல்லை. நாங்கள் கேட்டு வாங்கிய அம்சம்.
நானே சோதித்துப் பச்சை போட்டது.

திரையில் ஒரே சர்க்கரை: முந்நூற்றுப் பதினெட்டு.
யாருடையது?
முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்தியபடி
"நீயும் பூங்காவனமா?" என்று கேட்டு
ஒருத்தி சிரிக்க, மற்றவளும் சிரித்தாள்.
அப்புறம் இரண்டு பேருக்கும்
மறுபடி ஊசி.
யாரும் என்னைத் திட்டவில்லை.
நான் யாரென்றே அங்கே யாருக்கும் தெரியாது.

நான் செய்த நோயாளிகள் இருநூறு பேர்.
பெயர் வைத்தேன், வியாதி வைத்தேன்,
தெருப்பெயர்கூட யோசித்து வைத்தேன்.
என் கற்பனையில்
எல்லாருக்கும் பிறந்தநாள் இருந்தது.

திரும்பி வந்தபோது டயர் கடை மூடியிருந்தது.
சொன்னேன்.
தஸ்தகீர் தன் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டான்.

சோதனை எழுநூற்றுப் பதினேழு.
கொடுப்பது: பூங்காவனம், ஒன்று ஆறு அறுபத்து நாலு.
மறுபடியும் கொடுப்பது: பூங்காவனம், ஒன்று ஆறு அறுபத்து நாலு.
எதிர்பார்க்கும் விளைவு:
இரண்டு பேர்.