பாக்கி

கூப்பிட்டார்களாம், இரண்டு தடவை.
"சின்னப்பையன்... சின்னப்பையன்..."
அறுபத்து மூன்று வயதுச் சின்னப்பையன்
வாசலிலிருந்து ஆறடி தள்ளி
சுவரில் பல்லி ஒன்று டியூப்லைட்டுக்குப் போவதைப்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாவது தடவையும் எழுந்திருக்காவிட்டால்
மனுதாரர் வரவில்லை என்று கட்டை மூடியிருப்பார்கள்.
பக்கத்தில் கோட்டை மெகருன்னிசா,
வெடித்துப்போன குக்கரை மடியில் வைத்திருந்தவர்,
அதன் கைப்பிடியால் என் விலாவில் இடித்தார்.

காது கேட்கவில்லை என்றுதான் வழக்கே.

முப்பத்தொரு வருஷம் ஏற்காடு பஸ்ஸில் கண்டக்டர்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
ஒவ்வொன்றுக்கும் டிரைவர் அற்புதசாமியின் ஏர் ஹாரன்.
பாதி மலையில் எல்லோருக்கும் காது அடைக்கும்,
எச்சில் விழுங்கினால் திறந்துகொள்ளும்.
எனக்கு ஒரு நாள் திறக்கவில்லை.

ஐந்து ரோட்டில் கண்ணாடிக் கதவு போட்ட கடை.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
முந்திரிப் பருப்பு அளவில் ஒன்றை
நிரோஷா என்ற பெண் காதில் செருகி
"கேக்குதுங்களா சார்?" என்றாள்.
கேட்டது.
ஏ.சி. முனகுவது கேட்டது, அவள் வளையல் கேட்டது,
கையெழுத்துப் போடும்போது
பேனா தாளை உரசுவதுகூடக் கேட்டது.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் காலை பல் துலக்கும்போது
கருவி விசிலடித்தது.

ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போகலாம்.
இது இரண்டிலும் சேராத
ஒரே இழுப்பு.
பூங்காவனம் வாயைத் திறந்தால் விசில்,
தாளிப்பு விசில், தண்ணீர் லாரி விசில்,
என் இருமலே எனக்கு விசில்.

ஏழு நடை நடந்தேன்.
நிரோஷா வேலையை விட்டுவிட்டாளாம்.
முதலாளி பில்லின் அடியைத் தொட்டுக் காட்டினார்:
விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.
எறும்பு எழுத்து.
கண் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

கடைக்கு வக்கீல் உண்டு. எனக்கு நான்.
அவர் வாதத்தைக் கிளார்க் ஒரு தாளில் எழுதி நீட்டினார்:
"பழுது கருவியில் இல்லை, மனுதாரர் காதில்."
காது பழுது என்றுதானே ஐயா
கடைக்கே போனேன்!
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல,
மொத்தக் கூடமும் திரும்பியது.
எவ்வளவு சத்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மேடையில் இருந்த உறுப்பினர் அம்மா
மாட்டிக் காட்டுங்கள் என்று சைகை செய்தார்.
மாட்டினேன்.
எனக்கு மட்டும் கேட்கிறது என்று நினைத்திருந்தேன்.
டபேதார் ஜன்னலுக்கு ஓடினார்,
கடை வக்கீல் தன் செல்போனைத் தடவினார்,
மெகருன்னிசா குக்கரைப் பார்த்தார்.
சான்றுப் பொருள் என்று வாங்கிக் கவரில் போட்டு
ஒட்டினார்கள்.
கவரும் கொஞ்ச நேரம் விசிலடித்ததாம்.

பிறகு நாலு வாய்தா.
தீர்ப்பு தபாலில் வந்தது:
கருவியின் விலை, மன உளைச்சலுக்கு ஐயாயிரம்,
செலவுத் தொகை இரண்டாயிரம்,
நாற்பத்தைந்து நாளுக்குள்.
உளைச்சல் எனக்கா பூங்காவனத்துக்கா
என்று பிரித்து எழுதவில்லை.

இன்றைக்கு அறுபதாம் நாள்.
கடைக் கதவு திறந்துதான் இருக்கிறது,
பணம் வரவில்லை.
இனி நிறைவேற்று மனு போட வேண்டுமாம்,
மறுபடி அதே பெஞ்சு, அதே பல்லி.

பில் நகலைத் திருப்பிப் போட்டு
பழகிய கையால் முதுகில் எழுதினேன்:
பாக்கி 25,500.
டிக்கெட் முதுகில் இப்படி எத்தனை எழுதியிருப்பேன்.
இறங்கும் அவசரத்தில் வாங்க மறந்தவர்கள்
ஒண்டிக்கடையில், அடிவாரத்தில்,
கோரிமேட்டு மழையில்,
ஒன்றரை ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும்
பஸ்ஸின் முதுகைத் தட்டிக்கொண்டு
ஓடிவருவார்கள்.
அப்போதெல்லாம் எனக்குக் காது
நன்றாகவே கேட்டது.
இரண்டு விசில் அடித்தேன்.