சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில்

ஒரியாக் நகரத்துக் குடைத் தொழிற்சாலையில்
நாளுக்கு முப்பது குடை தைத்தவள் நான்.
எட்டுக் கம்பிக்கு எட்டு முக்கோணம்;
கண்ணை மூடிக்கொண்டும் தைப்பேன்.
ஓதிலோன் தெல்ரியூ வந்து வேலைக்கு அழைத்தபோது
எத்தனை கம்பி என்றுதான் கேட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டு என்றார்.
அவ்வளவு பெரிய மழையா என்றேன்.
சிரிக்கவில்லை. மனிதர் எதற்கும் சிரிக்க மாட்டார்.

அது இறக்கை.
பீப்பாய் வளையம்போல் வட்டமாய் ஓர் இறக்கை.
நடுவில் வெறுமை,
வெறுமையில் ஒரு நாற்காலி,
நாற்காலியின் முதுகில் எஞ்சின்.

பறவைக்கு எதற்கு ரெண்டு இறக்கை?
மடக்கிக்கொண்டு கூட்டுக்குள் போக.
நமக்குக் கூடா இருக்கிறது?
நுனி என்று ஒன்று இருந்தால் அங்கே காற்று வழிந்துவிடும்,
வட்டத்துக்கு ஏது நுனி, சொல் ஸேலி, என்பார்.
வாஸ்தவம்தான்.
தைக்கிறவளுக்கு
எங்கே முடிச்சுப் போட்டு எழுந்திருப்பது என்பதும் இல்லை.

மைதானத்தில் நாங்கள் மட்டுமா?
பக்கத்துக் கொட்டகையில் ஒரு பெல்ஜியக்காரர்
சன்னலின் மரத்தட்டிகள் போல
இருபத்தோரு இறக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தார்.
காற்றடித்தால் திறக்குமா மூடுமா என்று
அவர் மனைவிக்குக் கவலை.
அப்பால் பூய்சூ சகோதரர்கள்
வாலை முன்னால் வைத்துவிட்டு,
எந்தப் பக்கம் கிளம்பும் என்று பந்தயம் வசூலித்தார்கள்.
யாரும் யாரையும் கேலி பேசவில்லை.
அந்த வருஷம்
எந்த வடிவமும் இன்னும் தவறாகியிருக்கவில்லை.

குளிர்காலம் முழுக்க லினன் துணி.
ஆளிவிதை எண்ணெய் பூசிப் பூசி விரலெல்லாம் மஞ்சள்.
வெளிவட்டத்தில் இழுத்தால் உள்வட்டத்தில் சுருங்கும்.
குடைக்கு உச்சி உண்டு,
எல்லாச் சுருக்கமும் அங்கே போய் ஒளிந்துகொள்ளும்.
இதற்கு ஒளிய இடமில்லை.
நான்கு முறை பிரித்தேன்.
ஐந்தாம் முறை நெசவுக்கு மூலைவாட்டில் வெட்டினேன்,
அவரைக் கேட்காமல்.
மறுநாள் விரலால் சுண்டினார். தம்பட்டமாய் அதிர்ந்தது.
குறிப்பேட்டில் 'சிக்கல் தீர்ந்தது' என்று எழுதினார்.
யாரால் என்று எழுத
அந்த வரியில் இடம் இருந்தது.

மார்ச் பதினேழு. காலை ஏழு. பனி.
பாரீஸிலிருந்து சங்கத்து ஆள் வந்தார்,
கையில் கடிகாரம், வாயில் இருமல் மிட்டாய்.
எஞ்சின் விளக்கெண்ணெயைக் கக்கியது;
வயல் முழுக்க
குழந்தைக்குப் பேதிக்குக் கொடுத்த வீட்டின் வாடை.
ஓடியது. குதித்தது. ஓடியது.
ஆண்கள் தொப்பியைப் பிடித்தபடி நின்று பார்த்தார்கள்.
நான் குப்புறப் படுத்தேன்,
கன்னம் ஈரப்புல்லில்.
தையற்காரி மட்டம் பார்ப்பதே அப்படித்தான்,
மேசை விளிம்புக்குக் கண்ணை இறக்கி.

இடது சக்கரத்துக்கும் புல்லுக்கும் நடுவில்
வெளிச்சம்.
வலதுக்கும்.
ஓர் ஊசி உயரம். இல்லை,
குறைத்தும் சொல்ல மாட்டேன்:
ஓர் ஊசி, அதன் தலைமேல் இன்னோர் ஊசி.
அந்தச் சந்தில்
தூரத்துப் பசு ஒன்று முழுசாய்த் தெரிந்தது.
எண்ணினேன். ஒன்று, ரெண்டு, மூன்று, நா

வளையம் சாய்ந்தது.
விளிம்பில் எழுந்து நின்று
சக்கரமாகவே பிறந்ததுபோல் வேலிவரை உருண்டது,
நாற்காலியோடு தெல்ரியூவும் ஐந்து சுற்று.
இறங்கினார். வாந்தியெடுத்தார். தொப்பியைத் தேடினார்.

'தரையை விட்டு எழவில்லை' என்று எழுதினார் சங்கத்து ஆள்,
பெல்ஜியக்காரரைக் கேட்டு, பூய்சூ இருவரைக் கேட்டு,
பால்வண்டிக்காரனையும் கேட்டு.
என் முன்பக்கம் முழுக்கச் சேறு.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.

வளையச் சட்டம் ஒருவன் கோழிகளுக்கு வேலியானது.
கூலி பாக்கிக்குத் துணியை நான் எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் எட்டுக் கம்பி, எட்டு முக்கோணம்.
மேலே விமானங்கள் போகின்றன,
எல்லாவற்றுக்கும் நேரான இறக்கை,
எல்லாவற்றுக்கும் நுனி.
சந்தைத் தெருவில் பெருங்காற்று அடித்து
யார் குடையாவது வெளிப்புறமாய்ப் புரண்டால்
எல்லாரும் குடையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.
நான் சட்டென்று குனிந்து
அவர்களுடைய செருப்பைப் பார்க்கிறேன்.